அறுந்து போகக் கட்டிய நூல்

எனக்கு எழுத வராது. ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான் படித்தேன். அதிலும் பாதி நாள் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு படித்த படிப்பு. எங்கே புள்ளி வைப்பது, எங்கே நிறுத்துவது என்று இன்றைக்கும் சரியாகத் தெரியாது. மறதி வேறு. முன்னால் நடந்ததைப் பின்னால் எழுதியிருப்பேன், பின்னால் நடந்தது நடுவில் வந்து உட்கார்ந்திருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்லச் சொன்னால் இதைவிட மோசம். நாலு பேர் முன்னால் எனக்கு வாய் திறக்காது. பெரட்டுக் களத்தில் காலையில் பேர் கூப்பிடும்போது எல்லாரும் 'இருக்கேன்' என்று சத்தம் கொடுப்பார்கள். நான் கையைத் தூக்குவேன். கங்காணிக்கும் அது பழகிவிட்டது. என் பேர் வந்தால் காதைத் தீட்டமாட்டார், கண்ணைத் தூக்கிப் பார்ப்பார்.

அப்படிப்பட்ட நான் ராக்கெட்டுக் கம்பெனிக்கு வேலை பார்த்தேன் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. அதைத்தான் எழுதப் போகிறேன்.

தேயிலைக் கொழுந்து விலை விழுந்து கிடந்த காலம். குன்னூருக்குக் கீழே எங்கள் பக்கம் சின்னத் தோட்டக்காரர்கள் எடுக்கிற கூலிக்கே கட்டாது என்று கொழுந்தை எடுக்காமலே விட்டுவிட்டார்கள். தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டாமல் ஆள் உயரத்துக்கு வளர்ந்து, பூப் பூத்து, காய் காய்த்து நின்றது. தேயிலை காய்க்கும் என்பதே என் மகனுக்குத் தெரியாது, அவன் பார்த்ததில்லை. பிறகு எங்கள் ஃபேக்டரியும் மூடியது. சங்கு நின்று போனதால் பல நாள் எனக்கு எப்போது சோறு வடிப்பது என்றே தெரியவில்லை.

தோட்டத்து ஆட்களுக்கென்று வரிசையாகக் கட்டின லயத்தில் பாதி வீடு பூட்டு. எல்லாரும் திருப்பூருக்கும் கோயமுத்தூருக்கும் போய்விட்டார்கள். என் மகனும் திருப்பூரில் பனியன் கம்பெனியில்தான் இருந்தான். வாரம் தவறாமல் போன் போடுவான்.

"அம்மா, தையோட லயத்தையும் காலி பண்ணச் சொல்லிருவாங்க. நீயும் பெரியத்தையும் வந்துருங்க."

பெரியத்தை என்று அவன் சொல்வது என் வீட்டுக்காரரின் அக்காவை. நான் மதினி என்று கூப்பிடுவேன். என் வீட்டுக்காரர் போன பிறகு நானும் மதினியும் ஒரே அடுப்பில்தான் சாப்பிடுகிறோம். எனக்குச் சேர்த்து அவளே பேசிவிடுவாள், அதனால் எனக்குச் சௌகரியம். அவள் குரல் மேல் லயத்திலிருந்து போட்டால் கீழ் லயத்தில் குழந்தை முழித்துக்கொள்ளும். சிலோனிலிருந்து வரும்போதே அவள் நன்றாக வளர்ந்த பெண், கொழுந்து எடுத்தவள். நான் சின்னப் பிள்ளையாகக் கப்பல் ஏறியவள். அதனால் அவள் பேச்சில் இன்னும் அந்தத் தோட்டம் இருக்கும். ஃபேக்டரியை ஸ்டோர் என்பாள், டீயைத் தேத்தண்ணி என்பாள்.

மகன் போன் போடும்போதெல்லாம் என் கையிலிருந்து பிடுங்கிக்கொள்வாள். "டேய், நான் ஒருக்கா பெட்டி கட்டினது போதும்டா. தலைமன்னாருல கட்டின பெட்டி. இன்னொருக்கா கட்டமாட்டேன். உன் ஊருல மூச்சு விட்டா மூக்குல பஞ்சு வருதாமே?"

சொல்லிவிட்டு போனை வைத்ததும் சத்தமில்லாமல் உட்கார்ந்துவிடுவாள். அவள் சத்தமில்லாமல் இருந்தால் எனக்குப் பயம். இங்கே வேலை இல்லாவிட்டால் லயம் இல்லை. லயம் இல்லாவிட்டால் பெட்டிதான். அது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

அப்போதுதான் ஒரு ஜீப்பில் நாலைந்து பிள்ளைகள் வந்து இறங்கினார்கள். பூட்டிக் கிடந்த ஃபேக்டரியைத் திறந்து, மேல்மாடியை, கொழுந்தைப் பரப்பி வாட்டுகிற நீள மாடியை, டேப்பு போட்டு அளந்தார்கள். ரிசார்ட் கட்டப் போகிறார்கள் என்று லயத்தில் பேச்சு. மதினி நேராகப் போய்க் கேட்பவள். அங்கே ரப்பர் செருப்பும் கசங்கின சட்டையுமாக ஒரு பையன் சும்மா நின்றான். அவனைப் பார்த்து, "தம்பி, சும்மாதானே நிக்குற, இந்த விறகுக்கட்டைக் கொஞ்சம் லயம் வரைக்கும் தூக்கிட்டு வா" என்று சொல்லிவிட்டாள். அவனும் தூக்கிக்கொண்டு வந்தான். வாசலில் இறக்கி வைத்துவிட்டுத் தண்ணீர் கேட்டுக் குடித்தான்.

"நீ இவங்ககிட்ட என்னா வேலை பாக்குற?" என்று மதினி கேட்டாள். 

"கம்பெனி என்னுதுங்க" என்றான்.

மதினி சிரித்த சிரிப்பில் அந்தப் பையனுக்கு முகம் சிவந்துவிட்டது. உண்மையிலேயே அவன்தான் முதலாளி. கோயமுத்தூர்ப் பக்கத்துப் பையன். ராக்கெட் செய்கிற கம்பெனி. இதை மதினி நம்புவதற்கு இரண்டு மாதம் ஆனது.

மழையும் மூடுபனியுமான நாட்கள் வந்தன. மாடியில் துணி வேலை நடக்கப் போவதால் ஈரம் ஆகாது என்று, ஃபேக்டரியின் பழைய அடுப்பைப் பற்றவைத்துச் சூட்டுக்காற்றை மாடிக்கு விட்டார்கள். புகைக்கூண்டில் புகை போனது. அவ்வளவுதான். மறுநாள் காலையில் பார்த்தால் கேட்டுக்கு வெளியே வண்டி வண்டியாகக் கொழுந்து. ஃபேக்டரி திறந்துவிட்டது என்று சுற்றியுள்ள அட்டியிலிருந்தெல்லாம், படகர் ஊர்களிலிருந்தெல்லாம், சனம் மூட்டையோடு வந்து நிற்கிறது. ஒரு படகப் பெரியவர் தலைப்பாகையை அவிழ்த்துக் கட்டிக்கொண்டு முதல் ஆளாக வரிசையில் நின்றார். அந்த முதலாளிப் பையன் கையைக் கூப்பிக்கொண்டு ஒவ்வொருவரிடமும், "இது ராக்கெட்டுங்க, தேயிலை இல்லீங்க" என்று சொல்ல, அவர்கள், "என்ன வேணா பண்ணுங்க, எடை போடுங்க" என்றார்கள். கடைசியில் வந்தவர்களுக்கெல்லாம் டீ போட்டுக் கொடுத்து அனுப்பினார்கள். டீ போட்டது நான். எனக்கு அந்தக் கம்பெனியில் முதல் வேலை அதுதான்.

அடுத்த வாரம், கையால் துணி மடிக்க ஆள் வேண்டும், லயத்துப் பெண்கள் வருகிறீர்களா என்று கேட்டார்கள். அந்த வேலைக்குப் பொறுப்பு ஒரு பெண். பெரிய படிப்புப் படித்த பெண், பார்த்தால் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி. மற்றவர்கள் மேடம் என்றார்கள், மதினி பாப்பா என்றாள். பாப்பா முதல் நாள் எங்களை மாடியில் உட்காரவைத்து விளக்கம் சொன்னாள்.

"அம்மா, இங்கிருந்து ஊட்டிக்குப் போகணும்னா நீங்க தனியா ஒரு ஜீப் புடிப்பீங்களா?"

"நாங்க எங்க புடிக்க? ஷேர் ஜீப்புல ஆளோட ஆளா நெருக்கிக்கிட்டுப் போவோம்" என்றாள் மதினி.

"அதேதானுங்க நாங்க பண்றது. சேட்டிலைட்டுன்னா இப்ப எல்லாம் பெருசு இல்லீங்க. டிபன் கேரியர் அளவுதான். காலேஜ் பசங்க செய்யறாங்க, சின்னக் கம்பெனிங்க செய்யறாங்க. அவங்களால தனி ராக்கெட் புடிக்க முடியாது. எங்க ராக்கெட்டுல ஆளுக்கு ஒரு சீட்டு. குறைஞ்ச வாடகை."

"வாடகை எப்புடிக் கொறையும்?"

"மத்த ராக்கெட்டுல கீழ்ப் பாகம் எரிஞ்சு முடிஞ்சதும் கடல்ல விழுந்து வீணாப் போயிரும். ஊட்டி போய்ச் சேந்ததும் ஜீப்பப் பள்ளத்துல தள்ளி விடற மாதிரி. நாங்க அதைத் திரும்பி எடுத்து மறுபடியும் ஓட்டப் போறோம். மேல இருந்து அது மெதுவா எறங்கறதுக்கு ஒரு குடை. அந்தக் குடையத்தான் நீங்க மடிக்கப் போறீங்க."

மாடி நீளம் முழுக்க விரித்துக் காட்டினாள். வெள்ளையும் ஆரஞ்சும் பட்டை பட்டையாக. தொட்டால் தண்ணீரைத் தொட்டது மாதிரி வழுக்கியது. எங்கள் ஊரில் இருக்கிற எல்லாக் கல்யாண மண்டபத்துக்கும் பந்தல் போடலாம். மதினி கையைத் தாடையில் வைத்துக்கொண்டு, "இதுக்குள்ள நம்ம லயமே நனையாம நிக்கலாம் புள்ள" என்றாள்.

சிரிப்பும் வேலையுமாக இருந்த நாட்கள் அவை. வளையலைக் கழற்றச் சொன்னார்கள், நகத்தை வெட்டச் சொன்னார்கள். தலையில் வலைத்தொப்பி. ஒருத்தியை ஒருத்தி பார்த்து முதல் வாரம் முழுக்கச் சிரித்தோம். எங்கள் விரலில் கொழுந்துக் கறை ஊறிக் கிடந்ததால் வெள்ளைத் துணியில் பட்டுவிடுமோ என்று எனக்குப் பயம். எலுமிச்சம்பழத் தோல் போட்டு, உப்புப் போட்டு, செங்கல்லால் தேய்த்துப் பார்த்தேன். போகவில்லை. பாப்பா என் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது ஒட்டாதுங்க அம்மா, உள்ளுக்குள்ள போயிருச்சு" என்றாள். அதற்கு மேல் நான் கவலைப்படவில்லை.

மடிப்பு இப்படி. ஒவ்வொரு பட்டையையும் இஸ்திரி போட்டது மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். நடுவில் ஒரு முறுக்குக்கூட இருக்கக் கூடாது. கீழே தொங்குகிற கயிறுகளைக் கூந்தல் பின்னுகிற மாதிரி வளைத்து வளைத்துச் செருக வேண்டும். பிறகு எல்லாவற்றையும் ஒரு தடித்த பைக்குள் அடக்கி, வரிசை வரிசையாகச் சிவப்பு நூலால் கட்ட வேண்டும். பார்த்தால் பூக்கட்டுகிற நூல் மாதிரி மெல்லிசு.

"இந்த நூல் அறுந்து போகறதுக்குன்னே கட்டறதுங்க" என்று பாப்பா சொன்னாள். "மேல இருந்து விழறப்போ காத்து இழுக்கும். ஒவ்வொரு வரிசையா அறுந்து அறுந்து குடை கொஞ்சம் கொஞ்சமா விரியும். ஒரே நூல், ஒரே முடிச்சு. கூடவும் கூடாது, குறையவும் கூடாது."

எல்லாரும் தலையை ஆட்டினோம். மதினியும் ஆட்டினாள். ஆனால் கை என்று ஒன்று இருக்கிறதே, அது தலை சொல்வதைக் கேட்காது. மதினியின் கைக்கு வேறொரு பாடம் இருந்தது. சிலோனில் அவள் இருந்த தோட்டத்தில் கொழுந்து மூட்டையைக் கம்பியில் மாட்டி, இந்த மலையிலிருந்து அந்த மலைக்குப் பள்ளத்தாக்குக்கு மேலே ஓடவிடுவார்களாம். நடுவழியில் மூட்டை வாய் அவிழ்ந்தால் அன்றைய கொழுந்து முழுக்கப் பள்ளத்தில் பறந்துவிடும், கட்டினவளுக்கு அன்றைக்குப் பேர் கிடையாது, கூலியும் கிடையாது. மதினி கட்டின மூட்டை ஒருமுறைகூட அவிழ்ந்ததில்லை. கணக்கப்பிள்ளையே, "வாயைக் கட்டுறதுக்கு அந்தப் புள்ளயக் கூப்புடு" என்பாராம். நூலை நாக்கில் நனைத்து, இரண்டாக மடித்து, முறுக்கி ஓர் இழுப்பு இழுப்பாள். இங்கேயும் சாக்கு, பலகாரப் பொட்டலம், பந்தல், எதுவாக இருந்தாலும் அப்படித்தான்.

சோதனை நாள் வந்தது. ராக்கெட் இல்லை, அதற்கு முன்னால் குடையை மட்டும் பார்க்கிற சோதனை. மேட்டுப்பாளையம் தாண்டி ஒரு பொட்டல் காட்டில், ஹெலிகாப்டரிலிருந்து ஒரு பெரிய இரும்பு உருளையைக் குடையோடு கீழே போடுவார்கள். வாடகை ஹெலிகாப்டர், அன்றைக்கு ஒரு நாளைக்குத்தான். கம்பெனிக்குப் பணம் போட்டவர்களும் பார்க்க வருகிறார்கள். பாப்பா எங்களிடம் எதையும் மறைக்கமாட்டாள்.

"இது விரிஞ்சுட்டா இந்த மாடி நமக்கு. விரியலைன்னா, வெளிநாட்டுல செஞ்சு மடிச்ச குடையவே வாங்கிக்கச் சொல்லிருவாங்க. நாங்க இதைக் காலி பண்ணிட்டுக் கெளம்பணும்."

நாங்களும்தான் என்று அவள் சொல்லவில்லை. சொல்ல வேண்டுமா?

சோதனைக்கு முந்தின நாள், கடைசியாக மூடிக்கு அடியில் வருகிற உள்வரிசையைக் கட்டும்போது பாப்பாவுக்கு போன் வந்தது. ஹெலிகாப்டர்காரர்கள். அவள் ஜன்னல் பக்கம் போனாள். நான் மேசைக்கு இந்தப் பக்கம், மதினி அந்தப் பக்கம். பாப்பா திரும்பி வரும்போது பையின் மூடியை மதினி இழுத்துப் போர்த்திவிட்டிருந்தாள். "ஆச்சு பாப்பா" என்றாள். பாப்பாவும் களைத்திருந்தாள், மேலே மட்டும் தடவிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள்.

காலையில் பையை நாலு பேர் தூக்கி வந்து, கொழுந்து எடை போடுகிற பழைய தராசுப் பலகையில் வைத்தார்கள். எவ்வளவு எடை என்று கடைசியாக ஒருமுறை பார்க்க வேண்டுமாம். களம் நிறையக் கூட்டம். லயத்துச் சனம், முதலாளிப் பையன், ஷூ போட்ட பெரிய மனிதர்கள், ஒருவர் கேமராவோடு. மதினி பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். ஜீப்பின் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தது அவள்தான். வைத்துவிட்டு, அந்த ஷூ போட்ட மனிதர்களைப் பார்த்து உரக்கச் சொன்னாள்.

"ஒண்ணும் பயப்புடாதீங்க! உள்வரிசை நான் கட்டினது. ஆனை புடிச்சு இழுத்தாலும் அறாது!"

எல்லாரும் கைதட்டினார்கள். நான் மட்டும் தட்டவில்லை. அறக் கூடாதென்று கட்டியிருக்கிறாள். முந்தின நாள் மேசைக்கு அந்தப் பக்கம் அவள் கை நாக்குக்குப் போனதும், நூலை மடித்ததும் அப்போதுதான் எனக்குக் கண்ணில் வந்தது. பார்த்துக்கொண்டேதான் இருந்திருக்கிறேன். ஆயுசு முழுக்கப் பார்த்த கை, அதனால் கண்ணில் நிற்கவில்லை.

ஜீப் ஸ்டார்ட் ஆகிவிட்டது. சொல்ல வேண்டும். யாரிடம் சொல்வது? சத்தம் போட்டால் அத்தனை பேரும் திரும்பிப் பார்ப்பார்கள். அதுகூடப் பரவாயில்லை. மதினி பட்டுச்சேலை கட்டி நிற்கிறாள். அவள் கட்டினது தப்பு என்று நான் எப்படிச் சொல்வேன்? நான் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து எனக்காகப் பேசினவள். வாய் வரவில்லை. கால் வந்தது. நேராகப் போய்த் தராசுப் பலகையில் ஏறி அந்தப் பை மேல் உட்கார்ந்துவிட்டேன்.

தராசு முள் சுற்றிக்கொண்டு ஓடியது. எடை பார்த்துக்கொண்டிருந்த ஆள், "ஐயோ, ஏறுதே!" என்றார்.

"ஏ புள்ள!" மதினி ஓடி வந்தாள். "என்னா பண்ற? எந்திரி! உன்னையும் சேத்து ஆகாசத்துக்கு அனுப்பவா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"தலை சுத்துதுங்களா அம்மா?" என்று பாப்பா கேட்டாள்.

"தலையும் சுத்தல, காலும் சுத்தல. நேத்து மரவள்ளிக் கெழங்கு தின்னா, வாயு புடிச்சிருக்கும். ஏடீ, எல்லாரும் பாக்குறாங்கடி. எந்திரிடி!"

கையைப் பிடித்து இழுத்தாள். நான் பையின் வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். கூட்டத்தில் யாரோ, "பெரியம்மா ஸ்டிரைக் பண்றாங்க டோய்!" என்றார்கள். ஒரே சிரிப்பு. கேமராக்காரர் என் பக்கம் திரும்பிவிட்டார். எனக்குக் காதெல்லாம் சூடாகி, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆனாலும் எழுந்திருக்கவில்லை. அந்தப் பிடிவாதம் எனக்குள் எங்கே இருந்தது என்று எனக்கே தெரியாது.

முதலாளிப் பையன் என் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். "ஏனுங்க அம்மா, ஹெலிகாப்டர் நிக்குதுங்க. என்ன வேணும் சொல்லுங்க."

நான் பாப்பாவைப் பார்த்தேன். அவளுக்குப் புரிந்தது. காதை என் வாய்க்குப் பக்கத்தில் கொண்டு வந்தாள். ரகசியம் சொல்கிற மாதிரி சொன்னேன்.

"உள்வரிசை நூலு ரெட்டையா இருக்கும்ங்க. பிரிச்சுப் பாருங்க."

அவள் முகம் சுண்ணாம்பு அடித்த மாதிரி ஆகிவிட்டது. என்னைக் கையைப் பிடித்து இறக்கிவிட்டு மூடியைத் தூக்கினாள். விரலை உள்ளே விட்டாள். எடுத்துக் காட்டினாள். இரண்டாக மடித்து முறுக்கின சிவப்பு நூல், சின்ன மணி மாதிரி இறுகின முடிச்சு. அழகான முடிச்சு, அதையும் சொல்ல வேண்டும்.

"இதை யாரு கட்டுனது?" என்று முதலாளிப் பையன் கேட்டான்.

நான் தரையைப் பார்த்தேன். சத்தியமாகச் சொல்லமாட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை.

"யாரு கட்டினதுன்னு என்னா கேள்வி? நான்தான்!" என்றாள் மதினி, மாரில் கையை வைத்து. "உங்க நூலுல தெம்பே இல்ல தம்பி. ஒத்தையாப் போட்டா நடுவழியில புடுங்கிக்கிட்டுப் போயிரும். அதான் ரெட்டையாப் போட்டு முறுக்கினேன். இதுக்கு நான் தனியாக் காசு கேக்கல."

பாப்பா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அம்மா" என்றான் முதலாளிப் பையன், மெதுவாக. "இந்த நூல் அறலைன்னா குடை விரியாதுங்க. அப்படியே மூட்டையாக் கீழ வந்து விழும்."

"கீழ வரத்தானே அனுப்புறீங்க?"

முதலில் சிரித்தது ஷூ போட்ட மனிதர்களில் ஒருவர். பிறகு பாப்பா. அழுதுகொண்டே சிரித்தாள். பிறகு களம் முழுக்க. மதினிக்கு மட்டும் சிரிப்பில்லை. எல்லாரும் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அவளுக்குப் புரிந்தது. அடுப்புப் பக்கம் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள்.

சாயங்காலத்துக்குள் பறக்க முடிந்தால் சரி என்று ஹெலிகாப்டர்காரர்கள் ஒப்புக்கொண்டார்கள். பையைத் திரும்ப மாடிக்கு ஏற்றினோம். எல்லாவற்றையும் பிரித்து மறுபடி மடிக்க வேண்டும். உள்வரிசைக்கு வந்தபோது பாப்பா என்னைப் பார்த்தாள். அந்த முடிச்சை மதினி அளவுக்கு ஒரே சீராகப் போட எங்களில் யாரும் இல்லை. நான் கீழே இறங்கிப் போனேன்.

அடுப்புக்கு முன்னால் மதினி இருந்தாள். பட்டுச்சேலையெல்லாம் சாம்பல்.

"வா மதினி."

"போடி. என்னை விட்டுட்டு பாப்பா காதுல சொன்னவதானே நீ? என் காது என்னா செவிடா?"

"உன்கிட்ட சொன்னா நீ கத்துவ."

"கத்தினா என்னா? நான் எப்பத்தான் கத்தல?"

அது உண்மைதான். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்குத் தெரிந்து அவளிடம் நான் அவ்வளவு நேரம் பேசினது அன்றைக்குத்தான்.

"மதினி, கம்பியில போற மூட்டை நடுவழியில அவுந்தாத்தானே தப்பு? அக்கரை போய்ச் சேந்தப்புறம்?"

"சேந்தப்புறம் அவுக்கணும். அவுக்கலைன்னா கொழுந்து வெந்து போயிரும். கணக்கப்புள்ள வைவாரு."

"அங்க அவுக்க ஆளு இருந்துச்சு. ஆகாசத்துல ஆளு இல்ல மதினி. காத்துதான் அவுக்கணும்."

வெளியே வந்திருந்த விறகை நெருப்புக்குள் தள்ளினாள். பிறகு எழுந்து சேலையைத் தட்டிவிட்டாள். "அறுந்து போறதுக்கு முடிச்சுப் போடுறது எங்க வம்சத்துலயே இல்ல" என்று முனகிக்கொண்டே படி ஏறினாள். மாடியில் போய் உட்கார்ந்து, "பாப்பா, என் கையப் புடிச்சுக்க. நாக்குக்குப் போனா ஒரு அடி போடு" என்றாள். பாப்பா உண்மையாகவே இரண்டு தரம் அடித்தாள். ஒற்றை நூல், ஒற்றை முடிச்சு. ஒவ்வொன்றையும் கட்டி முடித்து, "போ, அறுந்து போ" என்று அதற்குச் சொன்னாள்.

எங்கள் இரண்டு பேரையும் ஜீப்பிலேயே கூட்டிக்கொண்டு போனார்கள். மதினி கொண்டை ஊசி வளைவு முழுக்க எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டு வந்தாள். பொட்டல் காட்டில் வெயில் அடித்தது. எங்களுக்கு அந்த வெயில் பழக்கமில்லை. ஹெலிகாப்டர் தலைக்கு மேலே, கொசு மாதிரி ஆகிற அளவுக்கு உயரத்தில் நின்றது. அதிலிருந்து ஒரு கறுப்புப் புள்ளி பிரிந்தது.

விழுந்தது. விழுந்துகொண்டே இருந்தது. பின்னால் ஒரு சின்ன வால் மாதிரிதான் தெரிந்தது, குடை இல்லை. பாப்பா வாயில் கையை வைத்துக்கொண்டாள். முதலாளிப் பையன் கண்ணை மூடிக்கொண்டான். எனக்கு அந்த நேரத்தில் வேறு எதுவும் தோன்றவில்லை, மதினி பெட்டி கட்டுகிற மாதிரி ஒரு காட்சிதான் தோன்றியது.

"அறு!"

மதினிதான். சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, வானத்தைப் பார்த்து, "அறு! அறுந்து தொலை! நான்தான் சொல்றேன்ல, அறு சனியனே!" என்று கத்தினாள். அந்தப் பொட்டல் காடே கேட்டிருக்கும். பக்கத்தில் இன்னொரு குரலும் கேட்டது. "அறு! அறு!" என்று. யாரென்று பார்த்தால் நான்.

படீர் என்று ஒரு சத்தம் பிறகு வந்து சேர்ந்தது. அதற்கு முன்னாலேயே கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. முதலில் ஒரு மொட்டு. அப்புறம் ஒரு பூ. அப்புறம் வெள்ளையும் ஆரஞ்சுமாக வானத்தில் பாதி. காற்றில் லேசாக ஆடிக்கொண்டு, அவசரமே இல்லாமல் இறங்கியது.

பாப்பா மதினியைக் கட்டிப்பிடித்துத் தூக்கினாள். இரண்டு பேரும் விழுந்தார்கள். முதலாளிப் பையன் ஒரு செருப்போடு ஓடினான், இன்னொன்றைப் பிறகு தேடி எடுத்தோம். நானும் ஓடினேன். எதற்கு ஓடினேன் என்று தெரியாது, எல்லாரும் ஓடினார்கள், ஓடினேன். குடை தரையில் படுத்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. மதினி மூச்சு வாங்க வந்து, குனிந்து, ஒவ்வொரு வரிசையாகத் தடவிப் பார்த்தாள்.

"எல்லாம் அறுந்திருக்கு" என்றாள். "ஒண்ணு விடாம அறுந்திருக்கு. பாத்துக்கங்க எல்லாரும். என் முடிச்சு!"

திரும்பி வரும் வழியில் மகன் போன் போட்டான். இந்தத் தடவை போனை நானே வைத்துக்கொண்டேன். "நாங்க வரல சாமி. வேலை இருக்கு" என்றேன். அவன், "யாரு பேசறது?" என்று கேட்டான். என் குரல் அவ்வளவு சத்தமாக இருந்ததாம். கத்தினதில் தொண்டையும் கட்டியிருந்தது.

அப்புறம் ராக்கெட்டும் போனது. மாடியில் சுவரில் வெளிச்சம் பாய்ச்சிப் படம் காட்டினார்கள், லயத்துச் சனம் எல்லாம் உட்கார்ந்து பார்த்தோம். டிபன் கேரியர்களையெல்லாம் அதனதன் இடத்தில் இறக்கிவிட்டதாகச் சொன்னார்கள். கீழ்ப் பாகம் எங்கள் குடையைப் பிடித்துக்கொண்டு கடலில் இறங்கியது. கப்பலில் போய் எடுத்து வந்து, குடையை மட்டும் எங்களிடம் அனுப்பினார்கள். ஓர் ஓரம் கிழிந்திருந்தது. மாடியில் விரித்ததும் குப்பென்று கடல் வாசம். தேயிலை வாசம் ஊறின மாடியில் உப்பு வாசம். நானும் மதினியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அந்த வாசம் எங்களுக்குத் தெரியும். கப்பலில் வந்த அன்றைக்கு மூக்கில் ஏறினது.

"இது திரும்பி வந்துருச்சு பாத்தியா" என்றாள் மதினி, துணியைத் தடவிக்கொண்டு. பிறகு, "உப்பு போக அலசணும், வாளி எடுத்துட்டு வா, சும்மா நிக்காத" என்றாள்.

கொழுந்து விலை இன்னும் ஏறவில்லை. ஆனால் புகைக்கூண்டில் புகை போகிறது, எங்கள் லயத்தில் இப்போது நாலு வீட்டுப் பூட்டு திறந்திருக்கிறது. மாடியில் மதினிதான் முடிச்சு. நான் எதிரில் நின்று அவள் கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், அது என் வேலை. யாராவது புதுசாகப் பார்க்க வந்தால், "இவதான் ராக்கெட்டு மேல உக்காந்து ஸ்டிரைக் பண்ணினவ" என்று மதினி என்னைக் காட்டுவாள். ரெட்டை நூலைப் பற்றி மட்டும் சொல்லமாட்டாள்.

இதில் எனக்குச் சில சந்தேகம் இருக்கிறது. குடையில் விளிம்புப் பட்டை வெள்ளையா ஆரஞ்சா என்பது மறந்துவிட்டது. படகப் பெரியவர்கள் கொழுந்தோடு வந்தது நாங்கள் வேலைக்குச் சேர்வதற்கு முன்னாலா, சேர்ந்த பிறகா என்றும் நிச்சயமில்லை. முன்னால் என்றுதான் எழுதியிருக்கிறேன். ராக்கெட்டு விவரத்திலும் தப்பு இருக்கலாம், நான் காதால் கேட்டதுதான். பாப்பாவோ, அன்றைக்குக் களத்தில் நின்றவர்கள் யாராவதோ இதைப் படித்தால் சரிபார்த்துத் திருத்திக் கொடுங்கள். மதினியிடம் மட்டும் கேட்க வேண்டாம். கேட்டால், முதலிலேயே ஒற்றை நூல்தான் போட்டேன் என்பாள்.